ஆறு வாத்துக்குஞ்சும் ஐந்து மாமாக்களும்

ஆறு எலுமிச்சம்பழம் இருக்கிறது. சரிபாதியாக்கினால் எத்தனை?

மூன்று என்று சொல்லத்தானே வாயெடுத்தீர்கள்? வெள்ளந்திப்பட்டியில் போய் அப்படிச் சொன்னால் உங்களைப் பாவமாகப் பார்ப்பார்கள். அங்கே விடை பன்னிரண்டு. எப்படி என்று கேளுங்கள்.

அந்த ஊரில் ஒரே வீட்டில் ஐந்து அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூத்தவர் ஏகாம்பரம். அடுத்தவர் வேலப்பன். கடைக்குட்டி பிச்சாண்டி. நடுவில் இருந்த இரண்டு பேரும் எதற்கும் தலையாட்டுவதோடு சரி. அதனால் அவர்கள் பெயர் நமக்கு வேண்டாம்.

இவர்களுடைய தங்கை வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகும்போது, மகள் செவ்வந்தியை இவர்களிடம் விட்டுவிட்டுப் போனாள். "பிள்ளையை நல்லாப் பாத்துக்குங்க அண்ணே" என்றாள்.

ஐந்து பேரும் அன்று முழுக்கச் செவ்வந்தியைச் சுற்றி உட்கார்ந்து அவளையே பார்த்தார்கள். யாரும் சமைக்கவில்லை. ஒன்றாம் வகுப்புச் செவ்வந்தி பழைய சோற்றைப் பிழிந்து தானும் சாப்பிட்டு, தன் ஆறு வாத்துக்குஞ்சுகளுக்கும் போட்டாள். அவளுக்கு அந்தக் குஞ்சுகள் என்றால் உயிர். அவள் எழுந்து நடந்தால் ஆறும் வரிசையாகப் பின்னால் வரும்.

மறுநாள் டீச்சர் ஒரு சீட்டு கொடுத்தனுப்பினார். ஏகாம்பரம் அதை உரக்கப் படித்தார்.

"ஆறு ஆறு பொருள்களாகக் கூட்டம் வைத்து, அதைச் சரிபாதியாக்கக் கற்றுக்கொடுங்கள். கண்ணில் படும் எல்லாப் பொருள்களிலும் பழக்குங்கள்."

"எனக்குத் தெரியும் மாமா, டீச்சர் புளியங்கொட்டையில சொல்லிக்கொடுத்தாங்க" என்றாள் செவ்வந்தி.

"நீ சும்மா இரு. நாங்க உனக்குக் கத்துக்கொடுக்கணும்னுதான் எழுதியிருக்கு. நீ எங்களுக்குன்னு இல்ல" என்றார் ஏகாம்பரம்.

ஜமக்காளம் விரித்தார்கள். ஆறு எலுமிச்சம்பழத்தை அதில் உட்கார வைத்தார்கள்.

"கூட்டம் வச்சாச்சு. யார் தலைமை?" என்றான் பிச்சாண்டி.

யோசித்து, அழுகாத பழமாகப் பார்த்து ஒன்றைத் தலைவராக்கினார்கள். தலைவர் எதுவும் பேசாததால் அடுத்த வேலைக்குப் போனார்கள். வேலப்பன் அரிவாளை எடுத்து ஆறு பழத்தையும் இரண்டிரண்டாக வெட்டினார். எண்ணினார்கள். பன்னிரண்டு.

"பாத்தியா, பாதியாக்கினா பொருள் பெருகுது. இது தெரியாம இத்தனை வருசம் முழுசு முழுசா வச்சிருந்தோமே" என்றார் வேலப்பன்.

அதற்குப் பிறகு கை நிற்கவில்லை. ஆறு அகப்பை, காம்பு ஆறும் கொட்டாங்குச்சி ஆறுமாகப் பிரிந்து பன்னிரண்டாயிற்று. ஆறு வேட்டி பன்னிரண்டு துண்டாயிற்று. பொழுது சாய்வதற்குள் ஐந்து பேரும் முழங்கால் தெரியத் துண்டோடு நின்றார்கள். பணக்காரர்களாகிவிட்டது போல இருந்தது அவர்களுக்கு.

அப்போது வாத்துக்குஞ்சுகள் வரிசையாக உள்ளே வந்தன.

"ஆறு" என்றார் ஏகாம்பரம்.

வேலப்பன் அரிவாளைத் துடைத்தார்.

செவ்வந்தி பாய்ந்து குஞ்சுகளின் மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "இங்க ஒண்ணும் இல்ல மாமா."

"சத்தம் கேக்குதே?"

"காதுல பட்டா கணக்கு இல்ல மாமா. சீட்டுல கண்ணுன்னுதான் இருக்கு."

ஏகாம்பரம் சீட்டைத் திரும்பப் படித்துப் பார்த்தார். பிள்ளை சொன்னது சரி. வேலப்பன் அரிவாளைக் கீழே வைக்கப் போனார். அந்த நேரம் பார்த்துக் கூடை ஓட்டை வழியாக ஒரு குஞ்சு தலையை நீட்டியது.

"பட்டுட்டுது" என்றார் வேலப்பன்.

செவ்வந்தி எழுந்தாள். இன்னொரு கூடையை இழுத்து வந்தாள். இந்தக் கூடையில் மூன்று, அந்தக் கூடையில் மூன்று என்று குஞ்சுகளை எடுத்து விட்டாள். "சரிபாதி ஆச்சு" என்றாள்.

ஐந்து பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"வெட்டவே இல்லையே. ஒரு குஞ்சாவது அரையா இருக்கா?" என்றான் பிச்சாண்டி.

"கூட்டத்தைத்தான மாமா பாதியாக்கச் சொன்னாங்க? குஞ்சை இல்லையே."

வேலப்பன் சீட்டை வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆமா, கூட்டம்னுதான் இருக்கு" என்றார்.

ஏகாம்பரத்துக்கு மட்டும் ஒரு சந்தேகம். "சரிபாதின்னா இதுல ஒண்ணுதான் சரியான பாதி. இன்னொண்ணு தப்பான பாதி. தப்பை வீட்டுல வச்சிருக்கக் கூடாது. குழம்பு வச்சிடலாம்."

நடுவில் இருந்த இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

"ரெண்டும் சரி மாமா. ரெண்டுலயும் மூணு மூணு. எந்தக் கூட்டத்தைப் பிரிச்சாலும் ரெண்டு பக்கமும் ஒரே அளவா வந்தா ரெண்டுமே சரிபாதி" என்றாள் செவ்வந்தி.

"எந்தக் கூட்டத்தைப் பிரிச்சாலுமா?"

"எந்தக் கூட்டத்தைப் பிரிச்சாலும்."

"அப்ப நாமளும் ஒரு கூட்டம்தான. பிரிச்சுப் பாத்துடுவோம்" என்றார் ஏகாம்பரம்.

இரண்டு பேர் இந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் அந்தப் பக்கம். பிச்சாண்டி நடுவில் நின்றான். அவனை உட்காரச் சொல்லி ஏகாம்பரம் எழுந்தார். இப்போது ஏகாம்பரம் நின்றார். அவரை உட்கார வைக்க இன்னொருவர் எழுந்தார். வெகு நேரம் மாறி மாறி உட்கார்ந்தும் யாராவது ஒருவர் நின்றுகொண்டே இருந்தார்.

"ஒருத்தர் மிஞ்சுறோம்" என்றான் பிச்சாண்டி.

"அதனால என்ன? மிஞ்சுறவரை ரெண்டாக்கிட்டா இந்தப் பக்கம் ரெண்டரை, அந்தப் பக்கம் ரெண்டரை. கணக்கு தீந்துது" என்றார் வேலப்பன்.

எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். எந்த ஒருவர் என்பதில்தான் பேச்சு நீண்டது. மூத்தவரை வெட்டுவது மரியாதை இல்லை என்றார் ஏகாம்பரம். தன்னை வெட்டினால் சின்னச் சின்னதாகத்தான் வரும் என்றான் பிச்சாண்டி. கடைசியில், வீட்டுப்பாடம் பிள்ளையுடையது, பிள்ளையே சொல்லட்டும் என்று முடிவு செய்தார்கள்.

செவ்வந்தி ஐந்து பேரையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு கையில் அரிவாள் வைத்திருந்த வேலப்ப மாமாவைக் காட்டினாள்.