தெய்வாத்தாள் வைத்த மிச்சம்

மடத்து வாசலில் வேலி முறிகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். தெய்வாத்தாள் தன் மொபெட்டோடு கிளுவை வேலிக்குள் நின்றுகொண்டிருந்தாள்.

"பிரேக்கைப் புடிக்காம எங்கே பார்த்துட்டு வந்தீங்க?" என்று கத்தினேன்.

"நேராப் பார்த்துத்தானுங் வந்தேன். கைதான் புடிக்கமாட்டேங்குது" என்று சிரித்தாள்.

சிரிப்பைப் பாருங்கள். வேலி கட்டுவது நான்தானே!

என் பெயர் வையாபுரி. இந்த மலையடிவார மடத்தில் பந்தி என் பொறுப்பு. இலையில் விழுந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட வேண்டும் என்பது பெரிய சாமி போட்டுவிட்டுப் போன சட்டம். அவருக்குப் பிறகு இப்போது இருக்கும் சாமி சட்டம் கிட்டம் என்று எதுவும் பேசுகிறவர் இல்லை. அதனால் அதைக் கட்டிக் காப்பது என் தலையில் விழுந்தது. என்னைக் கண்டால் குழந்தைகள்கூட இலையை வழித்துவிடும்.

தெய்வாத்தாள் சாமியைவிடப் பத்து வயதாவது மூத்தவள். ஆனாலும் அவரிடம் உபதேசம் வாங்கிக்கொண்டவள். தோட்டத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வாரம் தவறாமல் வந்துவிடுவாள்.

சாமி கிணற்றடியில் வேட்டி அலசிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் வேட்டியின் ஒரு முனையை நீட்டினார்.

"புடிங்கக்கா. பிழிஞ்சுரலாம்."

அவள் பிடித்தாள். சாமி முறுக்கினார். முனை அவள் கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது.

"கையைக் காட்டுங்க."

காட்டினாள். விரல்கள் இஞ்சிக் கிழங்கு மாதிரி கணுக்கணுவாக வீங்கியிருந்தன.

"சாமி, ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்க."

"வலியைப் பொறுத்துக்கறதுக்கு மனசை எப்படிப் பழக்கறதுங்?"

"அதை எதுக்குப் பழக்கோணும்?"

"ஞானம் வந்துட்டா வலி தெரியாதுங்கறாங்களே."

"எனக்குப் பல்வலி வந்தப்ப இந்த மலையே முழிச்சுக் கெடந்துது. வையாபுரியைக் கேளுங்க."

உண்மைதான். அந்த ராத்திரியை நான் மறக்கவில்லை.

"டாக்டரு என்ன சொன்னாரு?" என்று சாமி கேட்டார்.

"மூட்டு வாதமாமுங். மாத்திரை குடுத்தாரு. இப்படியே வீங்கிட்டுக் கெடந்தா விரலெல்லாம் கோணிக்கிட்டு நின்னுருமாம். அப்புறம் வண்டி எங்க ஓட்டறது? யாராச்சும் கூட்டியாந்தாத்தான் உங்களைப் பாக்க முடியும்." இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

"மாத்திரை போடறீங்களா?"

"நேரந்தவறாமப் போடறனுங்."

"வேற?"

"சோத்தை மாத்தச் சொன்னாரு. சக்கரை, மைதா, எண்ணெயில பொரிச்சது இதையெல்லாம் கொறைக்கோணுமாம். கீரை, கொள்ளு, கம்பு, காய், பழம்னு திங்கச் சொன்னாரு. வீக்கம் கொஞ்சம் அடங்கினாலும் அடங்குமாம். அதுக்காக மாத்திரையை நிறுத்தீறாதீங்கன்னும் சொன்னாரு."

"மாத்தினீங்களா?"

"அட போங்க சாமி! குடும்பத்துக்கு ஒரு உலை, எனக்குன்னு ஒரு உலையா? வெக்கக்கேடு."

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

"எல்லாரும் தின்னு முடிச்சப்புறம் உக்காந்தேன். பேரன் பிச்சுப்போட்ட பரோட்டா பாதி கெடந்துச்சு. பையன் வாங்கியாந்த பஜ்ஜியில ரெண்டு மிச்சம். முந்தாநாள் சுட்ட இனிப்பு ஒப்புட்டு ஒண்ணு காஞ்சு கெடந்துச்சு. வீணாக்கக் கூடாதுங்களே."

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மடத்துச் சட்டத்தை வீட்டிலும் காப்பாற்றுகிறாளே என்று மெச்சிக்கொண்டேன்.

சாமி வேட்டியை மறுபடி தண்ணீரில் போட்டார். "உங்க தோட்டத்துல ஒரு எருமை இருந்துச்சே?"

"வித்தாச்சுங். பாக்க ஆளில்லை."

"அது இருந்தப்ப மிஞ்சினதெல்லாம் எங்க போச்சு?"

"தாழிக்குத்தானுங். கழுநீரோட கொட்டி வெச்சா உறிஞ்சிக் குடிச்சுப்போடும்."

"இப்பத் தாழி?"

"சும்மா கெடக்குதுங். பேரன் அதுமேல சைக்கிளைச் சாத்தி வெக்கறான்."

"அப்ப, மிஞ்சினது இப்ப எங்க போகுது?"

தெய்வாத்தாளின் முகம் கறுத்துவிட்டது.

"என்னைத் தாழிங்கறீங்களா சாமி?"

"நான் எங்கக்கா சொன்னேன்? எருமையைப் பத்தித்தான் கேட்டேன்."

வழக்கமாகக் கும்பிட்டுவிட்டுப் போகிறவள் அன்று கும்பிடவில்லை. வேலியிலிருந்து வண்டியைப் பிடுங்கி, தள்ளிக்கொண்டே போய்விட்டாள்.

"வயசான பொம்பளை மனசை நோகடிச்சுட்டீங்க" என்றேன் சாமியிடம்.

"கை நோகறதுக்கு அது பரவாயில்லை" என்றார் அவர். வேட்டியின் முனையை என்னிடம் நீட்டினார்.

அதற்குப் பிறகு அவளைக் காணவே இல்லை. கோபம் ஆறாது என்றுதான் நினைத்தேன். ஒருநாள் வண்டி வந்து வேலிக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றது.

"என்னங் வையாபுரி, வேலி பத்திரமா இருக்குதா?"

"வேலிக்கென்ன. உங்க வீட்ல என்ன விசேசம்?"

"சண்டைங்" என்றாள் சந்தோசமாக. "எனக்குன்னு தனி உலை வெச்சுட்டேன்."

சாமி பக்கத்தில் உட்கார்ந்து கொள்ளுக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

அவளே சொன்னாள். கொள்ளும் கீரையுமாகத் தனிச் சட்டி ஏற்றிய அன்றைக்கே மகன் சிரித்தானாம். பந்துசனம் வந்து, கெழவிக்கு வந்த பவுசைப் பாருன்னு பேசினார்களாம். பேரன் பரோட்டாவை நீட்டினால், நீயே தின்னு முடி, இல்லாட்டி கம்மியா வாங்கச் சொல்லு என்கிறாளாம்.

"கை?" என்றார் சாமி.

"காலையில டம்ளரு புடிக்க முடியுதுங். போன வாரம் ஒரு கலியாணம். திங்கலைன்னா கோவிச்சுக்குவாங்கன்னு ஒப்புட்டும் பஜ்ஜியுமா வெளாசிட்டேன். மறுநாளு விரலு மடங்கலை. தலைமுடிகூடக் கட்ட முடியாம உக்காந்து அழுதேன்."

"அப்ப வலி போகலை" என்றேன் நான். எனக்கு அதில் ஒரு திருப்தி.

"போகலீங். எட்டி நிக்குது. எனக்கு ஒத்துக்காததைத் தின்னா ஓடியாந்துருது. எல்லாருக்கும் இப்படியான்னு தெரியாதுங். என்ற ஒடம்பு இப்படி."

சாமி அவள் பக்கம் முறத்தைத் தள்ளினார். அவள் விரல்களை மடக்கிக் கல் பொறுக்க ஆரம்பித்தாள். மெதுவாகத்தான் வந்தது. ஆனால் வந்தது.

ஐப்பசி பௌர்ணமிப் பந்தி அவள் மகன் லோகநாதனின் உபயம். ஊரையே அழைத்திருந்தான். சர்க்கரைப் பொங்கலில் நெய் மிதந்தது. வடை, அப்பளம், பாயசம் என்று ஒன்றும் குறைவில்லை. லோகநாதன் பட்டு வேட்டியில் பந்தியை நோட்டம் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் பொங்கல் வாளியோடு வரிசையில் வந்தேன். தெய்வாத்தாள் இலைக்கு மேல் கையை விரித்து மூடினாள்.

"எனக்கு வேண்டாமுங்."

"பிரசாதம்!"

"தொட்டுக் கண்ணுல ஒத்திக்கறேன். இலையில போடாதீங்க."

"கையை எடுங்க."

"வேண்டாமுங் வையாபுரி."

என் பந்தியில் வந்து உட்கார்ந்துகொண்டு வேண்டாம் என்பதா? கரண்டியைச் சாய்த்தேன். சுடு நெய் சொட்டியதும் அவள் கையை இழுத்துக்கொண்டாள். ஒன்றுக்கு இரண்டு கரண்டியாகப் போட்டேன்.

அவள் பொங்கலைத் தொடவில்லை. பையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தாள். இலையின் ஓரத்தில் கம்பஞ்சோற்றையும் கொள்ளையும் வைத்துக்கொண்டு, பொங்கல் பக்கம் திரும்பாமல் சாப்பிட ஆரம்பித்தாள்.

"அட அக்கிரமமே! மடத்துப் பந்தியில வீட்டுச் சோறா!"

பந்தி முழுக்கத் தலை திரும்பியது. லோகநாதன் வேகமாக வந்தான்.

"அம்மா, என்ன இது? என்ற உபயத்துல நீயே இப்படிப் பண்ணினா ஊரு என்ன பேசும்? ரெண்டு வாய் தின்னா செத்தா போயிருவே?"

"சாகமாட்டேன் கண்ணு. நாளைக்கு எந்திரிக்கமாட்டேன். நாளைக்கு நீயா எனக்குத் தலை பின்னி உடுவே?"

யாரோ சிரித்தார்கள். அவன் முகம் சிவந்தது. எனக்கும் ரத்தம் தலைக்கு ஏறியது.

"இலையில மிச்சம் வெச்சா மடத்துல இடமில்லை. பெரிய சாமி சட்டம். சாப்பிடுங்க. இல்லாட்டி எந்திரிச்சுப் போங்க. அப்புறம் இந்த வாசப்படி மிதிக்க வேண்டாம்."

சொல்லிவிட்டேன்.

தெய்வாத்தாளின் கண் கலங்கியது. குரல் கலங்கவில்லை.

"இந்த வாசலுக்கு வரத்தானுங் நான் கையைக் காப்பாத்திட்டிருக்கறேன். வரக் கூடாதுன்னா அழுவேன். வீட்ல உக்காந்து அழுவேன். ஆனா திங்கமாட்டேன். உங்க பொங்கலை நான் கும்படறேன். என்ற கையை நான்தான் பாத்துக்கோணும், நீங்க வந்து பாப்பீங்களா? பையன் பாப்பானா? ஊரு வந்து பாக்குமா? போகச் சொன்னா இப்பவே போறேன். வண்டி ஓட்டத் தெம்பிருக்குது."

எழுந்திருக்கக் காலை மடக்கினாள். அதற்குள் சாமி வந்துவிட்டார்.

"என்ன வையாபுரி?"

ஒன்று விடாமல் சொன்னேன். சாமி அவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனியவில்லை. அவரையே நேராகப் பார்த்தாள்.

"நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க சாமி" என்றான் லோகநாதன். "வீட்லயும் இதே கூத்துத்தான். அம்மா ஒண்ணையும் தொடறதில்லை. பாத்திரம் பாத்திரமா மிஞ்சிக் கெடக்குது. இவங்க பாட்டுக்குக் கொள்ளைத் தின்னுட்டு இருந்தா அந்த மிச்சத்தையெல்லாம் யாரு சாப்பிடறது?"

நிஜமாகவே கேட்டான். அவனுக்கு அது பெரிய கவலையாக இருந்தது.

சாமி தெய்வாத்தாளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அவள் இலையைத் தன் பக்கம் இழுத்தார்.

"ஐயோ சாமி, எச்சிலுங்! நான் தின்ன இலை!" என்று அவள் பதறினாள்.

சாமி கேட்கவில்லை. பொங்கலில் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு, நன்றாக மென்று விழுங்கினார். விரலில் இருந்த நெய்யையும் நக்கினார். சீடர்கள் குருவின் இலையில் சாப்பிடுவார்கள். குரு சீடர் இலையில் சாப்பிட்டு நான் கண்டதில்லை.

"வையாபுரி, அக்காவுக்கு வேற இலை போடு. அவங்க சோத்தை அவங்க சாப்பிடட்டும்."

போட்டேன்.

சாமி அந்தப் பழைய இலையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய், லோகநாதனுக்குப் போட்டிருந்த இலையின் மேல் வைத்தார். குரு சாப்பிட்ட மிச்சத்தை எங்கள் மடத்தில் ஒருவரும் மறுத்ததில்லை. ஒரு பருக்கைக்கு அடித்துக்கொள்வார்கள்.

லோகநாதன் இலையைப் பார்த்தான். பொங்கலோடு அம்மா தின்ற கம்பஞ்சோறும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"சாமி... இது அம்மா..." என்று இழுத்தான்.

"மிச்சம் வெக்கக் கூடாதுங்கறது சட்டம்தான் தம்பி" என்றார் சாமி. "அதை உங்கம்மாதான் தின்னோணும்னு பெரிய சாமி சொல்லலை. உக்காந்து சாப்பிடுங்க."