அமைச்சருக்குப் பின்னால் ஒரு நாற்காலி

ஊர்வாரி மழை அட்டவணையின் எண்களை ஒற்றை வரிசையாக்கி அனுப்பும் கணினி நிரலை வானிலை மைய இயக்குநர் தில்லைநாயகமே எழுதினார். அதை வாங்கி மறுபடி அட்டவணையாக்கும் நிரல் ஒப்பந்த ஊழியர் செண்பகவல்லியுடையது. முடிவில் வந்த அட்டவணையில் ஊட்டி மழை ராமநாதபுரத்தில் பெய்தது.

"நான் அனுப்பின எண்ணெல்லாம் வரிசையாத்தான் இருக்கு. தப்பு உன்னுது. நாளையிலிருந்து வராதே," என்றார் இயக்குநர்.

"சரிங்க சார். சாயங்கால விழாவுக்கு நாற்காலி மட்டும் போட்டுட்டுப் போறேன்."

இயக்குநர் கொடுத்திருந்த பெயர்ப் பட்டியலில் அமைச்சருக்கு அடுத்த பெயர் அவருடையது. மாலையில் பார்த்தால், அவருடைய நாற்காலி அமைச்சருக்குப் பின்னால் கிடந்தது.

"என்னம்மா இது?"

"உங்க பட்டியல்படிதான் சார். நீங்க பக்கவாட்டுல நினைச்சீங்க, நான் முன்னாலிருந்து பின்னால போட்டேன். நிரல்லயும் இதே கதைதான். நீங்க அட்டவணையை மேலிருந்து கீழா படிச்சு அனுப்பறீங்க, நான் இடமிருந்து வலமா அடுக்கறேன்."

வாசலில் அமைச்சரின் கார் வந்து நின்றது.

"சீக்கிரம் மாத்தும்மா."

"நாற்காலியை இப்பவே மாத்திடறேன் சார். நிரலை மாத்த நாளைக்கு வரணுமே?"

"வாம்மா, தாராளமா வா," என்றார் இயக்குநர்.