காப்புப் பாட்டில் இல்லாத பெயர்

முதலை முதுகில் உட்கார்ந்து ஆற்றைக் கடந்தபோது, அக்கரை வருவதற்குள் அந்தக் காப்புப் பாட்டைக் கட்டி முடித்ததாகச் சாமியார் சொல்லிக்கொள்வார். அது எருமைதான் என்பார்கள் பார்த்தவர்கள். எதுவானால் என்ன, நூற்றெட்டு வரி. அம்மனின் பதினெட்டுக் கைக்கும் அதில் வேலை உண்டு. சூலம் புருவத்தைக் காக்கும். வாள் கழுத்தைக் காக்கும். கால் சுண்டுவிரல் நகத்துக்குக்கூட ஒரு சின்னக் கத்தி காவல்.

இருபது வருஷமாகச் செவ்வாய்தோறும் கோயிலில் அதைப் பாடுகிறவள் அவருடைய சிஷ்யை சடைச்சி. அந்தச் செவ்வாய்க் காலையில் மடத்துக்கு வந்தவள் கும்பிடவில்லை. கைத்தாளத்தை அவர் காலடியில் விட்டெறிந்தாள்.

"இனிமே நான் பாட மாட்டேன், சாமி."

"ஏன், தொண்டை கட்டிக்கிச்சா?"

"வயிறு எரியுது. நேத்து என் வைக்கோற்போரைக் கொளுத்திட்டானுங்க. தடுக்கப் போன என் மகன் கையை உடைச்சிட்டானுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள நிலத்தை எழுதிக் குடுத்துட்டு ஊரை விட்டு ஓடணுமாம்."

"யாரு சொன்னது?"

"யாரா? நாட்டாண்மை தளவாய்தான். ஊருக்கே தெரியும், உங்க அம்மனுக்குத்தான் தெரியல. பதினெட்டுக் கையில ஒரு கையாவது அசைஞ்சுதா?"

சாமியார் தாடியைச் சொறிந்தார்.

"எதுகிட்டயிருந்து காப்பாத்தச் சொல்லிப் பாடுறே?"

"பேய், பிசாசு, புலி, பாம்பு, சூனியம்..."

"பேயைப் பார்த்திருக்கியா?"

"இல்ல."

"புலி?"

"நம்ம ஊர்ல ஏது புலி?"

"தளவாய் பேரு எத்தனாவது வரியில வருது?"

சடைச்சி நூற்றெட்டு வரியையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க, அம்மன் மேலிருந்த ஆத்திரம் மெல்லத் திரும்பி எதிரே இருந்தவர் மேல் வந்து நின்றது.

"வரல. எப்படி வரும்? பாட்டைக் கட்டினது நீங்கதானே! நகத்துக்குக் காவல் போடத் தெரிஞ்சுது, எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கிறவன் பேரைச் சொல்ல வாய் வரலியா? மடத்துக்கு அரிசி அவன் வீட்டுலேர்ந்து வருதே, அதனாலயா?"

முதலையும் எருமையும் அன்றைக்கு அவர் உதவிக்கு வரவில்லை.

"ஆமா," என்றார்.

எழுந்து உள்ளே போனார். தளவாய் வீட்டு அரிசி மூட்டையை மூச்சு வாங்க இழுத்துவந்து தெருவில் உருட்டினார். பிறகு கைத்தாளத்தைக் குனிந்து எடுத்து, வேட்டியில் துடைத்து, அவளிடம் நீட்டினார்.

"புலியை எடுத்துடு. அந்த இடத்துல அவன் பேரை வை."

சடைச்சி கைத்தாளத்தையும் தெருவில் கிடந்த மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சாயங்காலம் கோயிலுக்கு அவனும் வருவான், சாமி. முன்வரிசையில உட்காருவான்."

"அம்மனுக்கு நேர் எதிர்லயா?"

"நேர் எதிர்லதான்."

"நல்லதாப் போச்சு. அவளுக்குத் தேடுற வேலை மிச்சம்."