எத்தனை சி.சி.?

"முன்னூத்தம்பதா, அறுநூத்தம்பதா?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

செலின் வண்டியின் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, மூடிப்போன நூற்பாலை ஒன்றின் வளாகத்தில் அவர் பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்து வந்தார். நாற்பதைத் தொடாத வயது. பந்தயங்களில் ஓட்டியவர். ஒருநாள், போதும் என்று நிறுத்திக்கொண்டார். அவரைவிட மூத்தவர்களும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

நாச்சிமுத்துவுக்கு வயது ஐம்பதுக்கு மேல். தென்னைநார் மில் வைத்திருந்தார். சில மாதங்களாக ஞாயிறுதோறும் வந்து க்ரூஸர் ஓட்டப் பழகினார். இருக்கை தாழ்ந்து, ஹேண்டில்பார் அகன்று, காலை முன்னே நீட்டி உட்காருகிற வண்டி. நன்றாகவே ஓட்டினார். சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும். எந்த எஞ்சின் என்பதில்தான் நின்றுபோனார்.

"சின்னது எண்பதைத் தாண்டுனா உதறுதுங்க டீச்சர். பெருசு மிதக்குது. ஆனா வெயிட்டு. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா முடிச்சுருவேன்."

"எங்க போகப்போறீங்க?"

"வால்பாறை, கோத்தகிரி, தனுஷ்கோடி. அப்புறம் வடக்க ஹம்பி, கோவா. ரெண்டு வருசத்துக்குள்ள எல்லாம் முடிச்சாகணும்."

"எதுக்கு அவசரம்?"

நாச்சிமுத்து கையுறையைக் கழற்றினார்.

"எங்க வீட்டுல கண்ணுல ஒரு கோளாறுங்க. ஓரத்துல இருந்து இருட்டிட்டு வருது. நேரா இருக்கறது தெரியும். பக்கத்துல இருக்கறது தெரியாது. சாப்புடறப்ப பக்கத்துல வச்ச டம்ளரைத் தட்டி உட்டுருவா. வைத்தியம் இல்லைன்னுட்டாங்க. நடுவுல மிச்சம் இருக்கறதும் ஒருநாள் போயிருமாம். அதுக்குள்ள நாலு ஊரைக் காட்டிப்போடலாம்னு."

"கார் இருக்குதேண்ணா உங்ககிட்ட?"

"கார்ல உக்காந்தா மூச்சு முட்டுதுங்கறா. காத்து மூஞ்சில படணுமாம்."

செலின் எண்ணெய்க் குப்பியை மூடினார்.

"அடுத்த வாரம் அக்காவைக் கூட்டிட்டு வாங்க."

"ஓட்டப்போறது நானுங்களே."

"கூட்டிட்டு வாங்க."

அடுத்த ஞாயிறு காலையில் பூங்கோதை வந்தார். சுடிதார் போட்டு, மகளின் ஷூவை மாட்டியிருந்தார். வாசற்படியைக் காலால் தடவிப் பார்த்து இறங்கினார். செலின் நீட்டிய கை அவர் பார்வைக்குள் வரவில்லை. செலின் ஓர் எட்டு நகர்ந்து நேர் எதிரே நின்று மறுபடியும் நீட்டினார். பூங்கோதை சிரித்துக்கொண்டு பற்றினார்.

செலின் இரண்டு வண்டிகளை நிறுத்திவைத்திருந்தார். ஒன்று முன்னூற்றைம்பது. இன்னொன்று அறுநூற்றைம்பது.

"அமராவதி அணைக்குப் போற ரோட்டுல ஒண்ணொண்ணுலயும் ஒருதரம் போயிட்டு வாங்க. மலை நேரா எதுக்க வரும்."

முதலில் சின்ன வண்டியில் போய் வந்தார்கள். செலின் பூங்கோதையிடம்தான் கேட்டார்.

"எப்படி இருந்துச்சு அக்கா?"

"நல்லா இருந்துச்சுங்க."

பெரிய வண்டியில் போய் வந்தார்கள்.

"இது?"

"இதும் நல்லா இருந்துச்சுங்க."

"ரெண்டுல எது?"

"ரெண்டும் ஒரே மாதிரிதானுங்களே."

நாச்சிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. "எப்படி ஒரே மாதிரி ஆகும்? அது உதறுச்சு. இது வெண்ணெய் மாதிரி போச்சு. மலை எப்படிக் கிட்ட வந்துச்சு பாத்தியல்ல?"

"வந்துச்சுங்க" என்றார் பூங்கோதை.

செலின் கொட்டகைக்குள் போனார். மில் ஓடிய காலத்தில் நூல் சுற்றிய காகிதக் கோன்கள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. அதில் ஒன்றை எடுத்துத் தூசி தட்டி நாச்சிமுத்துவிடம் கொடுத்தார். ஒரு பக்கம் அகலம், மறு பக்கம் விரல் நுழையும் அளவு ஓட்டை.

"ஒரு கண்ணை மூடிக்கங்க. இன்னொரு கண்ணுல இதை வச்சுப் பாருங்க. நான் ஓட்டறேன். நீங்க பின்னாடி உக்காருங்க."

"எதுக்குங்க?"

செலின் பெரிய வண்டியைக் கிளப்பினார். நாச்சிமுத்து ஏறி உட்கார்ந்தார். ஒரு கையால் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டார். மறு கையால் கோனைக் கண்ணோடு சேர்த்துப் பிடித்தார்.

அதே சாலையில் போனார்கள். அணை தெரியும் வளைவு வரை போய்த் திரும்பினார்கள். பூங்கோதை வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார்.

நாச்சிமுத்து இறங்கினார். கோனை எடுத்த இடத்தில் கண்ணைச் சுற்றி வட்டமாகத் தடம் விழுந்திருந்தது.

"என்ன பாத்தீங்க அண்ணா?"

அவர் கோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மலை?"

"உங்க சட்டை."

"வேற?"

"உங்க சட்டைதானுங்க. போகையிலயும் வரையிலயும்."

அவர் மனைவியிடம் திரும்பினார். "ஏன் புள்ள சொல்லல?"

"நீங்க ஆசையாக் கூட்டிட்டுப் போனீங்க."

"ரெண்டுதரம் போயிட்டு வந்தமே. ஒண்ணுமே பாக்கலையா நீயி?"

"உங்க சட்டையைப் பாத்தேன். நானு எடுத்துக் குடுத்ததுதானே. சாயம் போகாம நல்லா இருக்குது."

நாச்சிமுத்து மரத்தடியில் போய் உட்கார்ந்தார். பிறகு எழுந்துவந்து கேட்டார்.

"அப்ப வண்டியே வேண்டாமுங்களா டீச்சர்?"

செலின் கொட்டகையின் பின்பக்கம் கூட்டிப்போனார். அங்கே ஒரு பழைய வண்டி நின்றது. அதன் இடப்பக்கம் மூன்றாவது சக்கரத்தோடு ஒரு பெட்டி பூட்டியிருந்தது. சைடுகார். ஓர் ஆள் சாய்ந்து உட்காரலாம். உள்ளே தேய்ந்த டயர்கள் கிடந்தன. செலின் அவற்றை எடுத்து வெளியே போட்டார்.

"இது எத்தனை சி.சி.ங்க?"

"முதல்ல ஓட்டிப் பாருங்க."

முதல் நாளே நாச்சிமுத்து வண்டியை வேலிக்குள் விட்டார். இத்தனை மாதம் பழகியதெல்லாம் இந்த வண்டியில் செல்லுபடியாகவில்லை. திருப்ப வேண்டிய இடத்தில் அவர் உடம்பு சாய்ந்தது. வண்டி சாயவில்லை. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் இடப்பக்கம் இழுத்தது. பிரேக் பிடித்தால் வலப்பக்கம் போயிற்று.

"சாய்க்காதீங்க. திருப்புங்க" என்றார் செலின்.

அவ்வளவுதான் சொன்னார். அதையே பல நாள் சொன்னார்.

அறுநூற்றைம்பது வைத்திருந்த நண்பர்கள் இரண்டு பேர் ஒருநாள் வந்து பார்த்தார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் போட்டுவிடலாம் என்றார்கள். நாச்சிமுத்து அன்று மதியம் வரை ஓட்டினார். அதற்கடுத்த வாரம் செலின் பெட்டிக்குள் மணல் மூட்டையை வைத்தார். அதற்கும் அடுத்த வாரம் தானே ஏறி உட்கார்ந்தார். பிறகு, "அக்காவைக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

பூங்கோதை பெட்டிக்குள் உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் யாரும் இல்லை.

அணைச் சாலையில் நாற்பதுக்கு மேல் போக வழியில்லை. லாரிகள் ஒலி எழுப்பிக் கடந்தன. மொபெட் ஒன்றும் கடந்தது. காற்றாலைகள் முடிந்து தென்னந்தோப்புகள் வந்தன. தோப்புகள் விலகிய இடத்தில் பூங்கோதை கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்க."

"என்னாச்சு?"

"நிறுத்துங்களே."

ஓரமாக நிறுத்தினார். எதிரே மலை முழுதாக நின்றது. பூங்கோதை இடது ஓரத்தில் தொடங்கினார். கொஞ்சம் பார்த்தார். தலையைக் கொஞ்சம் திருப்பினார். மறுபடி பார்த்தார். துண்டு துண்டாகத்தான் அவரால் பார்க்க முடியும். உச்சியில் மேகம் ஒட்டியிருந்த இடத்தில் அவர் பார்வை நெடுநேரம் நின்றது. ஓர் இடத்தில் பாறை வழியே தண்ணீர் கோடாக இறங்கியது. நாச்சிமுத்து அதைப் பார்த்திருக்கவில்லை. பூங்கோதை விரல் நீட்டிக் காட்டினார்.

நாச்சிமுத்து எஞ்சினை அணைத்தார். மில்லிலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை.

"முடிஞ்சுதா?"

"இன்னும் பாதி மலை இருக்குதுங்க."

அவர்கள் திரும்பி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. பூங்கோதை குழாயடிக்கு முகம் கழுவப் போனார். செலின் ஒரு மாணவனின் பிரேக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து அருகே வந்து நின்றார்.

"ஒரு மலைக்கே காலைப்பொழுது போச்சுங்க டீச்சர். நான் சொன்ன ஊரெல்லாம் ஆகாது."

"ஆகாது."

"ஆகறவரைக்கும் போறோம். ஆனா…" அவர் குழாய்ப் பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "அவளுக்கு மிச்சக் கண்ணும் போற அன்னைக்கு?"

செலின் கையைத் துடைத்தார்.

"அன்னைக்கு அப்புறமும் கூட்டிட்டுப் போவீங்களா?"

குழாயடியில் பூங்கோதை யாரோ ஒரு மாணவியிடம் மலையில் இறங்கிய தண்ணீரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"போவேனுங்க."

"அப்ப நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

"சொல்றேன்." சைடுகாரைத் திரும்பிப் பார்த்தார். "அப்படின்னா இன்னைக்காவது சொல்லுங்க டீச்சர். பெட்டியையும் சேத்து இழுக்கணும். எத்தனை சி.சி. வாங்கட்டும்?"

"நீங்க கத்தாம பேசுனா எதுல அவங்க காதுல விழுதோ, அதை வாங்குங்க" என்றார் செலின்.