கரை தெரியுதா

ரியூனியன் தீவில் வீட்டிலும் சந்தையிலும் புழங்குவது பிரெஞ்சும் கிரியோலும்தான். தமிழ் கோயிலுக்குள் மட்டும் மிச்சமிருந்தது. அங்கேயும் பாடினார்களே தவிர, பொருள் தெரிந்தவர் யாருமில்லை.

சந்தையில் வெங்காயம் விற்கும் ரெனே நல்லமுத்து, காரைக்காலிலிருந்து வந்து தமிழ் சொல்லிக்கொடுக்கும் வேதவல்லி அம்மாளிடம் சீடனாக வந்தான். அவரைவிட வயதில் மூத்தவன். பேரம் பேசியே பிழைத்தவன். கோபம் மூக்கு நுனியில் இருக்கும்.

"முழு மொழியும் எனக்கு வேண்டாம் அம்மா. அப்பா விட்டுப்போன பாட்டு ஒண்ணு இருக்கு. அது சரியா தப்பான்னு மட்டும் சொல்லுங்க."

"தப்பு என்று யார் சொன்னது?"

தம்பி லூயிக், என்றான். அப்பா இருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தார். சேர்ந்து பாடவைக்கும் முன்பே கண்ணை மூடிவிட்டார். அந்த வருடத் தீமிதியில் ஆளுக்கொரு விதமாகப் பாடினார்கள். உன் பாட்டு தப்பு என்று இவன் கத்த, உன்னுடையதுதான் தப்பு என்று அவன் கத்த, கோயில் வாசலிலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். தீர்ப்புச் சொல்லக் கூட்டத்தில் ஒருவருக்கும் மொழி தெரியாது. அன்றோடு பேச்சு நின்றது. போன மழைக்காலத்தில் லூயிக் இறந்தபோது இவன் முகம் பார்க்கக்கூடப் போகவில்லை.

"இந்தத் தீமிதிக்கு நான் ஒருத்தன்தான் பாடணும். தப்பாப் பாடக் கூடாது."

பாடச் சொன்னார் அம்மாள். ஒரு வரி முடிந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார். வாசல் பக்கம் பார்த்தபடி சும்மா இருந்தார். அடுத்த வரிக்கும் அப்படியே.

ரெனேவுக்குப் பொறுமை போயிற்று. "தராசைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே நின்னா வியாபாரம் நடக்குமா? சரியா, தப்பா?"

"சரி. ஒரு எழுத்துப் பிசகவில்லை."

"அப்போ அவன் பாடினதுதான் தப்பு. நான் அன்னைக்கே சொன்னேன்."

"அர்த்தம் கேட்கவில்லையே நீங்கள்."

"சொல்லுங்க."

"'கரை தெரியுதா, கூட்டாளி?' அடுத்தது, 'காத்து திரும்பிச்சா, கூட்டாளி?' உங்கள் வரி எல்லாமே கேள்விதான். கப்பலில் வந்த இருவர் கேள்வியும் பதிலுமாக மாற்றி மாற்றிப் பாடிய பாட்டு."

ரெனே தலையைக் குனிந்துகொண்டான். லூயிக் அன்று பாடியதில் ஒரு சொல்லாவது அகப்படுமா என்று தேடினான். தான் போட்ட கூச்சல்தான் காதில் கேட்டது.

"அவன் வரியை நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க அம்மா. உங்களுக்குத்தான் தமிழ் தெரியுமே. என்ன கேட்டாலும் தர்றேன். பேரமே பேசமாட்டேன்."

"தமிழ் தெரியும், ரெனே. உங்கள் தம்பி என்ன பதில் சொன்னார் என்று தெரியாது."