வராத பதினான்கு பேர்

“பள்ளிக்கூடத்தை மூடப் போறாங்க, வடிவு.”

வந்ததும் வராததுமாக இன்னாசி சார் இதைத்தான் சொன்னார். வண்டியை இன்னும் ஸ்டாண்டு போட்டு நிறுத்தக்கூட இல்லை.

வடிவுக்கரசி ஓடைப்பட்டி அரசுத் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியை. வயது முப்பத்திரண்டு. இன்னாசி பக்கத்து ஊரான சீத்தாக்குளம் பள்ளியின் தலைமையாசிரியர். வயது ஐம்பத்து மூன்று. வடிவுக்கு அ, ஆ எழுதக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான்.

ஆனால் அவள் பொறுப்பேற்றபோது ஒன்பது பிள்ளைகள் இருந்த ஓடைப்பட்டியில் இப்போது அறுபத்திரண்டு பேர். அதனால் வெட்கத்தை விட்டுவிட்டு வந்திருந்தார்.

“உங்க பள்ளியில எத்தனை பேர் சார்?”

“ஆறு. ஜூன் முடியறதுக்குள்ள பதினஞ்சு ஆகலைன்னா, ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பள்ளியோட சேர்த்துடுவாங்களாம். பஸ் கிடையாது. இருக்கிற ஆறு பிள்ளைகளும் நின்னுடும். நீ என்னம்மா மந்திரம் போட்டே? அதைச் சொல்லு எனக்கு.”

வடிவு தரையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

“ஊர்ல மொத்தம் எத்தனை பிள்ளைக?”

“முப்பத்தொண்ணு. பதினொண்ணு வேன்ல டவுனுக்குப் போகுது. பதினாலு எங்கேயும் போகலை.”

“அந்தப் பதினாலு பேரோட பேரைச் சொல்லுங்க.”

மூன்று பேரைச் சொன்னார். நான்காவதாக ஒரு பெயரை ஆரம்பித்தார். அது பிள்ளையின் பெயர் இல்லை, அப்பன் பெயர் என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

வடிவு அடுத்த பென்சிலை எடுத்தாள்.

“டீ குடிச்சுட்டுப் போங்க சார்.”

டீ குடிக்காமலே போனார். வழியெல்லாம் கோபம். நான் கைபிடித்து எழுத வைத்த பிள்ளை, எனக்கே பரீட்சை வைக்கிறாளா?

ஆனாலும் மறுநாள் நோட்டும் கையுமாக ஊருக்குள் இறங்கினார்.

நான்கு நாள் கழித்து மறுபடி வந்தார். பதினான்கு பெயர்களும் இருந்தன. அழகான கையெழுத்து. பெயர், வயது, வராத காரணம் என்று கட்டம் போட்டிருந்தார்.

முதல் பெயருக்கு நேரே, ‘பெற்றோருக்கு அக்கறை இல்லை’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே பதின்மூன்று வரிசையிலும் ‘மேற்படி’, ‘மேற்படி’.

வடிவு அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

“இது யாரு சொன்னது சார்? பிள்ளைகளா, அவங்க அம்மா அப்பாவா?”

“நான்தான் எழுதினேன்.”

“எழுதினது நீங்கன்னு தெரியுது. சொன்னது யாரு?”



அவள் நோட்டை மூடி, இரண்டு கைகளாலும் அவரிடம் நீட்டினாள். பிள்ளைகள் வீட்டுப்பாட நோட்டை டீச்சரிடம் நீட்டும் அதே பணிவு.

அதற்குப் பிறகு பத்து நாள் அவர் வரவில்லை.

பதினோராம் நாள் காலை, ஓடைப்பட்டிப் பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரே சத்தம்.

“டீச்சர்! டீச்சர்!”

இன்னாசி சார்தான். வடிவு என்று கூப்பிடும் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை அவரே கவனிக்கவில்லை. வேட்டியெல்லாம் கரி.

“தாழ்ப்பாள், டீச்சர்! கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. கவிதர்ஷினி அதனாலதான் நின்னுட்டா. கூடவே அவ சேக்காளிங்க ரெண்டு பேரும். ஒத்தைத் தாழ்ப்பாள், மூணு பிள்ளைக! ரெண்டு வருசமா அந்தக் கதவைத் தாண்டித்தான் நான் தினம் போறேன்.”

“உட்காருங்க சார்.”

“கேளுங்க! கோட்டைச்சாமியும் அவர் சம்சாரமும் விடியறதுக்கு முன்னாடி கரி சுடுற மூட்டத்துக்குப் போயிடுறாங்க. ரெட்டைப் பசங்க ரெண்டு பேரும் அங்கே கைக்குழந்தையைப் பார்த்துக்கிறானுக. நானும் அங்கயே போய் உட்கார்ந்துட்டேன். குழந்தையையும் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டு வாங்கடான்னேன். அவங்க அம்மா அழுதுடுச்சு, டீச்சர். அக்கறை இல்லைன்னு எழுதினேனே நான்!”

வாய்ப்பாடு நின்றுவிட்டது. பிள்ளைகள் அவரைச் சுற்றி வந்து நின்றார்கள்.

“சந்தியாவுக்கு டி.சி. இல்லை. அப்பா அம்மா செங்கல் சூளை வேலைக்குப் போன ஊர்ல படிச்சிருக்கா. அவங்க அப்பா மூணு தடவை என்கிட்ட வந்தாராம். மூணு தடவையும் டி.சி. கொண்டான்னு அனுப்புனது யாரு தெரியுமா?”

தன் நெஞ்சில் விரலால் குத்திக்கொண்டார்.

“நான்தான்! டி.சி. இல்லைன்னாலும் சேர்க்கணும்னு உத்தரவே இருக்கு. என் பீரோவுலயே இருக்கு.”

பிறகு குரல் தாழ்ந்தது.

“முனீஸ்வரி வீட்டுக்குப் போனேன். அவங்க அம்மா தண்ணி கொடுத்தாங்க. கோபமெல்லாம் இல்லை. ‘அவளுக்குப் படிப்பு ஏறாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க’ன்னாங்க. எனக்கு ஞாபகமே இல்லை, டீச்சர். அந்தப் பிள்ளை மூலையில உட்கார்ந்து அரிசியில கல் பொறுக்கிட்டு இருந்தா. முறத்தை மூக்குக்கிட்ட வச்சு. இவ்வளவு கிட்ட.”

உள்ளங்கையை முகத்தின் முன்னால் பிடித்துக் காட்டினார். கண் கலங்கியிருந்தது.

பின்வரிசைச் சிறுமி ஒருத்தி, “அவளுக்குக் கண்ணு தெரியலை சார்” என்றாள்.

“ஆமாம்மா. எனக்கும்தான்” என்றார் இன்னாசி.

வடிவு எழுந்து அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“இப்ப நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க, டீச்சர். அதைக் கேட்கத்தான் வந்தேன். தாழ்ப்பாள் வாங்கியாச்சு. இதோ, பையில இருக்கு. தொட்டில் கட்ட விட்டத்துல இடம் பார்த்துட்டேன். சந்தியா பேரை எழுதியாச்சு. முனீஸ்வரியைப் பெரியாஸ்பத்திரிக்கு நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன். இன்னும் அஞ்சு வீடு பாக்கி. ஒரு வீட்டுல இன்னைக்கு மத்தியானம் இருப்பாங்களாம்… மணி என்ன?”

“பதினொண்ணரை.”

“அய்யய்யோ!”

வண்டி கிளம்பிப் போன புழுதி அடங்க வெகுநேரம் ஆனது. கடைசிவரை அவர் நாற்காலியில் உட்காரவே இல்லை.

ஜூன் கடைசி வாரம் கல்வி அதிகாரி சீத்தாக்குளத்துக்கு வந்தார். பிள்ளைகளை நிற்க வைத்து எண்ணினார். பதினெட்டு. மறுபடி எண்ணினார். பதினெட்டேதான்.

“இது யாரு?” தொட்டிலைக் காட்டிக் கேட்டார்.

“எங்க தம்பி” என்றார்கள் இரட்டையர்கள். “அவன் இன்னும் சேரலை சார். சும்மா பார்க்க வந்திருக்கான்.”

அதிகாரி சிரித்துவிட்டார். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பள்ளிக்கூடம் பிழைத்தது.

அன்று மாலை சேதி கேட்டு வடிவு வந்தாள். பிள்ளைகள் இன்னும் வீட்டுக்குப் போகாமல் கத்திக்கொண்டிருந்தார்கள். இன்னாசி சார் வாசலுக்கு ஓடிவந்தார்.

“பதினெட்டு, டீச்சர்! ஆனா இன்னும் ரெண்டு பேர் வரலை. நான் எங்கே விட்டேன்னு…”

வடிவு உதட்டில் விரல் வைத்து உள்ளே காட்டினாள்.

கடைசி வரிசையில் முனீஸ்வரி எழுந்து நின்றிருந்தாள். பெரியாஸ்பத்திரியில் கொடுத்த கண்ணாடி அன்று காலைதான் வந்திருந்தது. அதைக் கழற்றினாள், போட்டாள். மறுபடி கழற்றினாள், போட்டாள்.

“ஏய்! போர்டுல எழுதியிருக்குடி!”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“நெறைய எழுதியிருக்குடி!”

இன்னாசி மெதுவாக உள்ளே போனார். சாக்பீஸை எடுத்தார்.

“சொல்லு தாயி. என்ன எழுதட்டும்?”

முனீஸ்வரிக்கு யோசிக்க நேரமே தேவைப்படவில்லை.

“இதுக்கு முன்னாடி எழுதுனீங்கள்ல சார், அது எல்லாத்தையும்!”