இசக்கியம்மாள் கட்டுரையை அலசிக் கொடுத்த கதை

வெள்ளாங்கரைக் கலைக் கல்லூரியில் ஞானப்பிரகாசம், ஆவுடையப்பன், மாடசாமி என்று மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஏழு பட்டங்கள். எல்லாம் தபாலில் படித்து வாங்கியவை. எதைப் படித்தாலும் அதில் உள்ளதை உள்ளபடி செய்துவிட வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. படித்தவர்களே அப்படி நடக்காவிட்டால் வேறு யார் நடப்பார்கள் என்று ஞானப்பிரகாசம் அடிக்கடி கேட்பார். இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

ஒரு நாள் முதல்வர் அவர்களைக் கூப்பிட்டார்.

"பிள்ளைகளுக்கு நாலு வரி ஒழுங்கா எழுத வரமாட்டேங்குது. மாடியில ஒரு ரூம் தாரேன். கட்டுரையைக் கொண்டுட்டு வார பிள்ளைகளுக்கு நீங்கதான் கை கொடுக்கணும்."

'கட்டுரைத் திருத்த உதவி அறை' என்று பலகை மாட்டி, கதவில் மூன்று பேர் பெயரையும் எழுதினார்கள். முதல் வாரம் நாற்பத்தொரு மாணவர்கள் வந்தார்கள். மூன்று பேரும் வாசலில் வரிசையாக நின்று, வந்த ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து அனுப்பினார்கள். ஞானப்பிரகாசத்துக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. இரண்டாம் வாரம் யாரும் வரவில்லை. 'அனைவரின் எழுத்தும் தேறிவிட்டதாகத் தெரிகிறது' என்று ஞானப்பிரகாசம் முதல்வருக்கு அறிக்கை எழுதி அனுப்பினார்.

முதல்வர் மாடிக்கே வந்துவிட்டார். "இந்த மாசத்துக்குள்ள ஒரே ஒரு கட்டுரையாவது உங்களால தேறணும். இல்லேன்னா ரூமைப் பூட்டி கிரிக்கெட் மட்டையை அடுக்கிருவேன்."

ஞானப்பிரகாசத்துக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக அவர் பெயர் ஒரு கதவில் எழுதப்பட்டிருந்தது. அவர் மனைவி தெருவில் பாதிப் பேரைக் கூட்டிவந்து அந்தக் கதவைக் காட்டியிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் இசக்கியம்மாள் வந்தாள். பொருளாதாரம் மூன்றாம் ஆண்டு. கையால் எழுதிய பதினான்கு பக்கக் கட்டுரை: 'வாரச்சந்தையில் பெண் வியாபாரிகள்.' அவளுடைய ஆசிரியை சண்முகவடிவு கண்டிப்பானவர். கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்திருந்தார்.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள திருத்திக் கொடுக்கலேன்னா இன்டர்னல் மார்க் கிடையாதாம் சார்" என்றாள். "மார்க் இல்லேன்னா ஒரு வருசம் போயிரும். எங்க அய்யா அதுக்கெல்லாம் காத்திருக்க மாட்டாரு. அக்காவை அனுப்புன மாதிரி தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பிருவாரு. சண்முகவடிவு அம்மா என்ன எழுதியிருக்காங்கன்னு பார்த்து வைங்க. நான் நாளைக்கு வாரேன்."

"நீ நிம்மதியாப் போயிட்டு வாம்மா" என்றார் ஞானப்பிரகாசம். "அம்மா எழுதியிருக்கதை ஒண்ணு விடாமச் செஞ்சு வைக்கோம்."

அவள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு சிவப்பு மையைப் படித்தார்கள். நான்கு வரிகள் இருந்தன.

'கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிழை பார்க்கவும். பக்கங்கள் கோர்வையாக இல்லை. விஷயத்தை நன்றாக அலச வேண்டும். சாரத்தைப் பிழிந்து முடிவில் தரவும்.'

"எவ்வளவு தெளிவா எழுதியிருக்காங்க பாரும்" என்றார் ஆவுடையப்பன். "நாம யோசிக்க வேண்டியதே இல்ல."

மாடசாமி நாட்டு மருந்துக் கடைக்குப் போய் விளக்கெண்ணெய் வாங்கிவந்தார். ஒரு கண்ணுக்கா, இரண்டு கண்ணுக்கா என்று சின்ன விவாதம் நடந்தது.

"'கண்ணில்'னுதான் போட்டிருக்கு. 'கண்களில்'னு போடல."

"அப்போ ஆளுக்கு ஒரு கண்ணு. மூணு பேருக்கு மூணு கண்ணு."

"ஒரு கண்ணுல பிழை தெரிஞ்சு மறு கண்ணுல தெரியாமப் போச்சுன்னா எந்தக் கண்ணை நம்புறது?"

இது நியாயமாகப் பட்டதால் ஆறு கண்ணிலும் விட்டுக்கொண்டார்கள். ஞானப்பிரகாசம் முதல் பக்கத்தைத் தூக்கி ஜன்னல் பக்கம் பிடித்தார். மஞ்சளாக ஏதோ ஆடியது. பதினான்கு பக்கத்தையும் அப்படியே பார்த்து முடித்தார். பிழை என்று ஒன்றுகூட அவர் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. மற்ற இரண்டு பேருக்கும் அப்படியே.

"பிழையே இல்ல" என்று கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கெட்டிக்காரப் பிள்ளை."

அடுத்தது கோர்வை. ஹாஸ்டல் வார்டனிடம் ஊசியும் நூலும் வாங்கி, பதினான்கு பக்கத்தையும் வரிசையாகக் கோர்த்தார்கள். எண்ணெய்க் கண்ணோடு ஊசியில் நூல் கோர்க்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. முடித்துத் தூக்கிப் பார்த்தபோது மாப்பிள்ளை மாலை போல இருந்தது. ஆவுடையப்பன் நெகிழ்ந்துபோனார்.

பிறகு வாளி வந்தது.

"எத்தனை தண்ணி அலசணும்?" என்றார் மாடசாமி.

"எங்க வீட்ல மூணு தண்ணி."

"சோப்பு போடலாமா?"

ஞானப்பிரகாசம் கையை உயர்த்தினார். "அம்மா அலசத்தான் சொல்லியிருக்காங்க. சோப்பைப் பத்திப் பேச்சே இல்ல. அவங்க சொல்லாததை நாமளாச் சேர்த்தா, நம்ம கருத்தைப் பிள்ளை மேல திணிச்சதா ஆயிரும். அது தப்பு."

இப்படி ஒரு நேர்மையை அந்தக் கல்லூரி அதற்கு முன் கண்டதில்லை. சோப்பில்லாமல் முதல் தண்ணியிலேயே வாளி முழுக்க நீலமானது. அது வெறும் தண்ணீர் இல்லை, சாரம் இறங்குகிறது என்று கண்டுபிடித்தவர் ஆவுடையப்பன். அதனால் இரண்டாம் தண்ணியை நிறுத்திவிட்டு, தாள்களை ஒவ்வொன்றாகப் பிழிந்து, சொட்டியதை எவர்சில்வர் டம்ளரில் பிடித்தார்கள். முக்கால் டம்ளர் வந்தது. மாலையை ஜன்னலுக்கு ஜன்னல் கட்டிக் காயப்போட்டுவிட்டு மூன்று பேரும் நிறைந்த மனசோடு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் வியாழக்கிழமை பத்து மணிக்கு இசக்கியம்மாள் வந்தாள். அறைக்கு நடுவே சுருங்கிப்போன பதினான்கு வெள்ளைத் தாள்கள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

"சார், என் கட்டுரை எங்க?"

"இந்தா தொங்குதே."

"எழுத்து எங்க சார்?"

ஞானப்பிரகாசம் இரண்டு கையாலும் டம்ளரை எடுத்து நீட்டினார். "சாரம் பூரா இதுல இருக்கு. சிந்தாம வாங்கிக்கோ. முடிவுலதான் கொடுக்கணுமாம்."

அவள் டம்ளரை வாங்கினாள். உள்ளே பார்த்தாள். தாள்களைப் பார்த்தாள். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை, திட்டவில்லை. டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தாள்.

ஞானப்பிரகாசத்துக்கு அந்த முகம் பிடிபடவில்லை. ஆனால் சொன்னதையெல்லாம் செய்த பிறகும் ஏதோ சரியில்லை என்பது மட்டும் தெரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரும் சொல்லாத ஒன்றைச் செய்தார். ஒரு குயர் வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார்.

"அதுல என்னதாம்மா எழுதியிருந்த? சொல்லு, கேப்போம்."

அவள் எங்கேயோ பார்த்தபடி ஒப்பித்தாள். "காலங்காலமாக நம் சமுதாயத்தின் முதுகெலும்பாகத் திகழும் பெண்கள்..."

"யாரு முதுகுல?" என்றார் மாடசாமி.

"அது சும்மா ஒரு பேச்சுக்கு சார்."

"பேச்சுக்குன்னா எழுதுவானேன்? எந்தக் காலத்துல இருந்து? மழைக்காலமா, வெயில் காலமா?"

இசக்கியம்மாள் எரிச்சலோடு திரும்பினாள். "எங்க அம்மை எனக்கு மூணு வயசுல கடை போட்டா. கருவாட்டுக் கடை. போதுமா?"

"இது புரியுது" என்றார் ஞானப்பிரகாசம். "இதை எழுதிரு. அப்புறம்?"

"சந்தையில் பெண்களின் பங்களிப்பு அளப்பரியது..."

"அளக்க முடியாதா?" என்று ஆவுடையப்பன் கவலைப்பட்டார். "கடையை எண்ணிப் பார்த்தாக்கூடவா?"

"எண்ணிப் பார்த்தேன். நூத்திப் பத்து கடையில அறுபத்தெட்டு பொம்பளைங்க கடை. அதுல நாப்பது பேருக்குத் தலைக்கு மேல கூரை கிடையாது. சந்தைக்குள்ள ஒரு கக்கூஸ்கூட இல்ல. காலையில இருந்து தண்ணி குடிக்காம இருந்துட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போறாங்க."

மாடசாமி மெதுவாகக் கேட்டார். "இதெல்லாம் அந்தப் பதினாலு பக்கத்துல இருந்துச்சா?"

இசக்கியம்மாள் யோசித்தாள். "இல்ல சார்" என்றாள். பேனாவைத் திறந்தாள்.

அன்றும் மறுநாளும் அவர்கள் புரியாமல் கேட்டார்கள். அவள் புரியும்படி சொன்னாள், சொன்னதை எழுதினாள். 'கண்கூடு' என்றால் எந்தக் கூடு என்றார்கள்; அந்தச் சொல்லை அடித்தாள். 'ஆணித்தரமாக' என்றால் எத்தனை அங்குல ஆணி என்றார்கள்; அதையும் அடித்தாள். கடைசியில் ஏழு பக்கம் மிஞ்சியது. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மாடிப்படியில் ஓடினாள்.

திங்கட்கிழமை மதியம் அவள் திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. இருபத்தைந்துக்கு இருபத்துநாலு. மார்க் பதிவேட்டில் ஏறிவிட்டது. சண்முகவடிவு ஏழு பக்கத்தையும் முதல்வரிடம் காட்ட, அவரும் உட்கார்ந்து படித்தாராம். ரூம் உங்களுக்குத்தான் என்று சொல்லச் சொன்னாராம்.

"இதை உங்ககிட்ட வச்சிருங்க சார். கடைசிப் பக்கத்துல அம்மா உங்களுக்கும் சேர்த்து ஒரு வரி எழுதியிருக்காங்க. நான் அம்மைகிட்ட சொல்லிட்டு ஓடியாரேன்."

ஞானப்பிரகாசம் கட்டுரையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். சிவப்பு மையில் ஒரே வரி: 'அருமை. இதை உடனே அச்சில் ஏற்ற வேண்டும்.'

ஒரு மணி நேரம் கழித்து இசக்கியம்மாள் திரும்பினாள். மாடியில் யாரும் இல்லை. பின்பக்கம் நிறுத்தியிருந்த கல்லூரிப் பேருந்துக்கு அடியிலிருந்து ஆறு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. சணல் கயிறு இழுபடும் சத்தமும், ஒரு விவாதமும் கேட்டன.

"முன்னச்சுலதான்வே கட்டணும். அப்போதான் கட்டுரை முன்னுக்கு வரும்."

"பின்னச்சுதான் பாரம் தாங்கும். கனமான விஷயம்லா எழுதியிருக்கா."

காலடிச் சத்தம் கேட்டு ஞானப்பிரகாசம் தலையை மட்டும் வெளியே நீட்டினார். முகமெல்லாம் கிரீஸ்.

"நல்ல நேரத்துல வந்தம்மா" என்றார். "மூணு பக்கம் முன்னால, நாலு பக்கம் பின்னால கட்டியாச்சு. டிரைவர் ரெண்டு ஊருக்குப் போயிட்டு வாரேன்னு சொல்லியிருக்காரு. உன் எழுத்து நாலு ஊருக்குப் போகணும்னா, இன்னொரு டிரிப் அடிக்கச் சொல்லவா?"